போறணை வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத் தகட்டப் பாருங்க

கரண்ட் போறணை (பாண், அதாவது பிரெட் சுடுற பெரிய அடுப்பு) செகண்ட் ஹேண்ட்ல வாங்க யோசிக்கிறவங்க யாராவது இருந்தா, மொதல்ல அதோட பின்பக்கத்துல ஒட்டியிருக்கிற சின்னத் தகட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. விலை பேசுறதெல்லாம் அதுக்குப் பிறகு. 2023ல எனக்கு இத யாராவது சொல்லியிருந்தா ரெண்டு லட்சம் கிட்ட மிச்சமாயிருக்கும். வயசான காலத்துல தொழில்ல புதுசா ஒண்ணு செய்யணும்னு ஆசைப்படுறவங்களுக்கு வீடியோவுல எல்லாரும் "துணிஞ்சு எறங்குங்க"ன்னுதான் சொல்றாங்க, எப்படி எறங்குறதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல, அதனாலதான் இந்த நீளத்துக்கு எழுதுறேன்.

எனக்கு வயசு 57. இலங்கை மலைநாட்டுல பண்டாரவளைப் பக்கம் சின்னதா ஒரு பேக்கரி. பதினெட்டு வயசுல தோட்டத்த விட்டு எறங்கி டவுன்ல மா பிசையச் சேந்தவன், பிறகு பாஸ் (பேக்கரில தலைமை வேலைக்காரர்) ஆகி, பிறகு விறகு போறணை உள்ள ஒரு பழைய எடத்த வாடகைக்கு எடுத்து நானே நடத்துறேன். இறாத்தல் பாண் (அச்சுல சுடுற சாதாரண பாண்), றோஸ் பாண், பணிஸ், கிம்புலா பணிஸ், இவ்வளவுதான் நம்ம சரக்கு. விடிய சூன் பாண் ஆட்டோக்காரங்க வந்து ஏத்திக்கிட்டு அந்த டியூனப் போட்டுக்கிட்டு தோட்டம் தோட்டமா போவாங்க. (அது பீத்தோவன் பியானோவுக்கு எழுதின மெட்டுன்னு எனக்கு அம்பது வயசுக்கு மேலதான் தெரியும், அதுவரைக்கும் பாண் விக்கிறதுக்குன்னே போட்டதுன்னு நெனச்சிருந்தேன்.)

முப்பது வருஷத்துக்கு மேல ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு அதே மா, அதே உப்பு, அதே அச்சு. கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கயோ சுத்திக்கிட்டிருக்கும். பிசைஞ்சு முடிச்சிட்டு உப்பு போட்டேனா இல்லையான்னு ஞாபகமே இல்லாம ஒரு துண்டு பச்சை மாவ வாயில போட்டுப் பாக்கிற நெலமைக்கு வந்துட்டேன். 2022ல இந்த அலுப்பு தெரியல, ஏன்னா நாடே பொருளாதார நெருக்கடில கெடந்த அந்த வருஷம் பயப்படவே நேரம் சரியா இருந்துச்சு. மா கெடைக்கல, கெடைச்சாலும் மூடை விலை கேட்டா தலை சுத்தும், மார்ச் மாசக் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், கேஸுக்கு க்யூ. கேஸ்ல ஓடுன பேக்கரியெல்லாம் மூடிக் கெடந்தப்போ நம்ம விறகு போறணை ஓடிக்கிட்டிருந்துச்சு, கையாலயே மா பிசைஞ்சோம். நெலமை கொஞ்சம் சீரான பிறகுதான் பாருங்க, அலுப்பு திரும்பி வந்து பக்கத்துல ஒக்காந்துக்கிச்சு. கடைய குடுத்துட்டு பேசாம இருந்துருவோமான்னு யோசிச்சது அப்பதான்.

அந்த நேரத்துல நம்ம பக்கத்துத் தோட்டத்துப் புள்ள ஒண்ணு, எல்லங்கிற டூரிஸ்ட் ஊர்ல ஒரு கஃபே கிச்சன்ல வேலை செய்யுது, பணிஸ் வாங்க வந்த எடத்துல கேட்டுச்சு: "மாமா, எங்க கடைக்கு சவர்டோ பாண் கொழும்புல இருந்து வருது, வந்து சேரும்போது காஞ்சு போயிருது. நீங்க செய்யக் கூடாதா?" எனக்கு சவர்டோன்னா என்னன்னே தெரியாது. புள்ளதான் போன்ல காட்டுச்சு. ஈஸ்ட் போடாம, மாவையும் தண்ணியையும் கலந்து நாள் கணக்கா வச்சு, மாவுல இருக்கிற கிருமியே அத புளிக்க வச்சு எழுப்புற பாண். ராத்திரி முழுக்க தூக்கம் வரல. இவ்வளவு வருஷம் பாண் போட்டவனுக்கு இப்படி ஒரு பாண் தெரியாதான்னு ஒரு ரோசம், அதோட சின்ன வயசுல மொத மொத போறணைக்கு முன்னாடி நின்னப்போ இருந்த ஒரு துடிப்பு.

வீடியோவுல பாத்தா எல்லாரும் ஸ்டீம் வர்ற டெக் போறணைலதான் (தட்டுத் தட்டா இருக்கிற கரண்ட் போறணை) போடுறாங்க. விறகு போறணைல சரிவராதுன்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேர் அடிச்சு சொன்னாங்க. கொழும்புப் பக்கம் பழைய பேக்கரி சாமான் விக்கிற ஒரு எடத்துல ரெண்டு தட்டு டெக் போறணை ஒண்ணு, 3 லட்சத்து 80 ஆயிரம். "வீட்டு கரண்ட்லயே ஓடும் அங்கிள், பயப்படாதீங்க"ன்னு போன்ல சொன்னாங்க. சம்சாரத்தோட காப்ப அடகு வச்சு, கையில இருந்ததையும் போட்டு அனுப்பினேன். லொறிக் கூலி 28 ஆயிரம். எறக்குறதுக்கு ஆள் போதாம ரோட்ல போனவங்களையெல்லாம் கூப்பிட வேண்டியதாப் போச்சு, அவ்வளவு பாரம்.

வயரும் ப்ரேக்கரும் 15 ஆயிரத்துக்கு வாங்கி வச்சிட்டு எலக்ட்ரிஷியன் தம்பிய வரச் சொன்னேன். அவர் போறணைக்குப் பின்னால குனிஞ்சு டோர்ச் அடிச்சுப் பாத்துட்டு எந்திரிச்சு கையத் துடைச்சாரு. "அண்ணே, இது த்ரீ ஃபேஸ். உங்க லைன்ல இது பத்தவே பத்தாது." த்ரீ ஃபேஸ்னா மூணு லைன்ல வர்ற பெரிய கரண்ட், சிங்கிள் ஃபேஸ்னா ஒரே லைன். தகட்டுல தெளிவா இருந்துச்சு, 380 வோல்ட், 3 ஃபேஸ், 13 கிலோவாட்டுக்கு மேல. நம்ம மீட்டர் சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர், அதாவது 230ஐ 30ஆல பெருக்கினா 6,900 வாட், 7 கிலோவாட் கூட இல்ல. சரி, த்ரீ ஃபேஸ் எடுத்துருவோம்னு விசாரிச்சா எங்க சந்துக்கு வர்ற லைனே சிங்கிள் ஃபேஸ்தான், மெயின் ரோட்ல இருந்து கம்பி இழுத்தாகணும், அந்தச் செலவுக் கணக்கு போறணை விலைய நெருங்குது. வித்தவங்களுக்கு கோல் எடுத்தா "நாங்க அப்படி சொல்லவே இல்லயே"ன்னாங்க. பிறகு போனே எடுக்கல.

அதனால யார் வாங்கினாலும் கேக்க வேண்டியது இதுதான்: தகட்டு போட்டோ, அதுல வோல்ட் எவ்வளவு, எத்தனை ஃபேஸ், எத்தனை கிலோவாட். அத வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் எலக்ட்ரிஷியனுக்கு அனுப்பிக் கேளுங்க, விக்கிறவரோட எலக்ட்ரிஷியன்கிட்ட கேக்காதீங்க. கிலோவாட்ட ஓடுற மணித்தியாலத்தால பெருக்கினா யூனிட் வந்துரும், 13 கிலோவாட் போறணை சூடாகிற மொத ஒரு மணித்தியாலத்துலயே 13 யூனிட் கிட்ட இழுக்கும். 2022 ஆகஸ்ட்ல சராசரியா 75 சதவீதம், 2023 பெப்ரவரில இன்னும் 66 சதவீதம்னு கரண்ட் கட்டணம் ஏறின நாட்டுல அந்தக் கணக்கப் போட்டுப் பாக்காம ஒரு சாமானையும் தூக்கிட்டு வரக் கூடாது. முடிஞ்சா நேர்ல போய் அத ஓடவிட்டு, கடைசி வரைக்கும் சூடாகுதான்னு நின்னு பாருங்க. "இன்ன கரண்ட்ல ஓடும், ஓடலன்னா திருப்பி எடுப்போம்"னு பில்லுல எழுதி வாங்குங்க, வாயால சொன்னதுக்கு பெறுமதி இல்ல.

போறணை தார்ப்பாய்க்குக் கீழ மாசக் கணக்குல கெடந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாம் "என்ன மொதலாளி, புது போறணை எப்ப ஓடப்போகுது?"ன்னு கேப்பாங்க, நல்ல மனசோடதான் கேட்டிருப்பாங்க, எனக்கு குத்திக் காட்டுற மாதிரியே இருக்கும். சம்சாரம் காப்பப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். கடைசில பதுளைப் பக்கம் த்ரீ ஃபேஸ் இருக்கிற ஒரு பேக்கரிக்கு 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு குடுத்தேன். லொறி, வயர், அடகு வட்டி எல்லாம் சேத்து ரெண்டு லட்சம் கிட்ட போச்சுன்னு சொன்னது இதுதான்.

இதுக்குள்ள இன்னொரு பக்கம் சவர்டோவ எழுப்புற புளிமாவும் என்னப் படுத்திக்கிட்டிருந்துச்சு. சரிசமமா மாவும் தண்ணியும் கலந்து ஜாடில வச்சேன். ரெண்டு நாள்ல பொங்கி வழிஞ்சுச்சு, ஆஹா வந்துருச்சுன்னு குதிச்சேன், அடுத்த நாளே அடங்கிப்போச்சு, ஒரு குமிழி இல்ல, நாத்தம் வேற. கொட்டிட்டு திரும்ப வச்சேன், திரும்பவும் அதே கதை. புள்ளக்கி போட்டோ அனுப்பினா வொய்ஸ் மெசேஜ்ல திட்டுச்சு, "மாமா, அது சாகல, சும்மா இருக்கு. தூக்கிப் போடாதீங்க, பாதிய எடுத்துட்டு புது மா போட்டுக்கிட்டே இருங்க." விஷயம் என்னன்னா மொத ரெண்டு நாள் பொங்குறது நமக்கு வேண்டிய ஈஸ்ட் இல்ல, அது வேற பாக்டீரியா. மாவுல புளிப்பு ஏற ஏற அது செத்துரும், அதுக்கும் நம்ம ஈஸ்ட் பலமாகுறதுக்கும் நடுவுல நாலஞ்சு நாள் ஜாடி பொணம் மாதிரி கெடக்கும், குளிர் ஊர்ல இன்னும் கூட. அந்த இடைவெளில தூக்கிப் போடுறவங்கதான் எக்கச்சக்கம். முழுசா தயாராக ரெண்டு கிழமை குடுங்க.

குளிரு இன்னொரு கரைச்சல். வீடியோவுல சொல்றதெல்லாம் 24, 25 டிகிரி ரூமுக்கு. பண்டாரவளை 1,200 மீட்டர் உயரத்துல இருக்கு, சனவரி ராத்திரில தோசைமாவே புளிக்காம அடுப்பு மேடைல சாக்கு சுத்தி வைக்கிற ஊரு இது. அந்த யோசனை வந்ததும்தான் ஜாடிய போறணைக்கு மேல இருக்கிற பலகைல தள்ளி வச்சேன், கை வச்சா இளஞ்சூடா இருக்கணும், ரொம்ப சூடானா ஈஸ்ட் செத்துரும். வெள்ளை மாவோட ஒரு கை ஆட்டா மா சேத்தா சீக்கிரம் புடிக்குது, தவிட்டுலதான் அந்தக் கிருமி நெறைய இருக்கு. டவுன் தண்ணில குளோரின் வாடை அடிச்சா ஒரு ராத்திரி தொறந்து வச்சிட்டு ஊத்துங்க, நான் பீலித் தண்ணிய (மலை ஊத்துல இருந்து வர்ற தண்ணி) கொதிக்க வச்சு ஆறவிட்டுத்தான் எடுக்குறேன். என் அளவு 1 கிலோ மாவுக்கு 650 மில்லி தண்ணி, 200 கிராம் புளிமா, 20 கிராம் உப்பு. வெளிநாட்டு வீடியோவப் பாத்து 750, 800னு ஊத்தாதீங்க, நம்ம கடைல கெடைக்கிற மா அவ்வளவு தாங்காது, மேசைல ஓடிரும்.

கரண்ட் போறணை போன பிறகு வேற வழியில்லாம விறகு போறணைலயே போட்டுப் பாத்தேன். எப்பவும் நாங்க செய்யுறது என்னன்னா, மிலாறு (தேயிலைச் செடில வெட்டின காஞ்ச குச்சி) வச்சு பத்தவச்சு, டர்பன்டைன் மரத்து விறகு போட்டு எரிச்சு, தணல தள்ளி எடுத்துட்டு, நீளக் கம்புல ஈரச் சாக்கு கட்டி உள்ள தரையத் தொடச்சு, சூடு கொஞ்சம் எறங்குற வரைக்கும் காத்திருந்துதான் அச்சுப் பாண உள்ள வைப்போம். அந்த காத்திருக்கிற நேரம்தான் சவர்டோவுக்கு வேண்டிய நேரம். அதுக்கு 240 டிகிரி மாதிரி நல்ல சூடும் மொத இருபது நிமிஷம் ஆவியும் வேணும், ஈரச் சாக்கால தொடச்ச ஒடனே வெறும் செங்கல் தரைல வச்சு கதவ மூடினா ரெண்டும் அங்கயே இருக்கு. அத எடுத்த பிறகு இறாத்தல் பாண், அதுக்குப் பிறகு எறங்குற சூட்டுல பணிஸ். சூடு பாக்க பழைய ஆளுங்க செய்யுற மாதிரி ஒரு சிட்டிகை மா வீசுங்க, ஒடனே கறுத்தா இன்னும் பொறுக்கணும், மெதுவா பழுப்பா மாறினா சரி. தேர்மோமீட்டர் வாங்குறதுன்னா கொரோனா நேரம் நெத்தில புடிச்சாங்களே அந்தத் துப்பாக்கிய வாங்கிராதீங்க, அது காய்ச்சல் பாக்கத்தான், 40 சொச்சத்துக்கு மேல காட்டாது. ஹார்ட்வெயார் கடைல 400, 500 டிகிரி வரைக்கும் பாக்குற மாதிரி வேற ஒண்ணு இருக்கு.

சந்தைப் பக்கம் வந்தா, நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது புடிக்காது, அத மொதல்லயே தெரிஞ்சுக்கங்க. ஆசையா குடுத்தா "மொதலாளி, பாண் புளிச்சுப் போச்சே, நேத்து பாணா?"ன்னு கேட்டாங்க, பல்லு ஆடுது, இத எப்படிக் கடிக்கிறதுன்னாரு ஒரு தாத்தா. எல்ல கஃபேக்குத்தான் அது, இங்க இருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். ஆனா டூரிஸ்ட்ட நம்பின யாவாரம் எப்படி இருக்கும்னு 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2020 கொரோனாவுலயும் நாம பாத்திருக்கோம், ஒரே ராத்திரில எல்லயில டூரிஸ்ட் கூடுற ஒன்பது வளைவுப் பாலத்துல ஒரு குஞ்சு இருக்காது. அதனால சவர்டோ எவ்வளவு ஓடினாலும் இறாத்தல் பாண நான் ஒரு அச்சு கூட குறைக்கல. வாடகையும் சம்பளமும் அதுலதான் போகுது. கஃபேக்காரங்க சாயந்திரம் நாலு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல ஆர்டர் போடணும், காசு கையில, கிழமைக் கடன் கெடையாது. விலைய நிர்ணயிக்கும்போது மா விலைய மட்டும் பாத்து போட்டா நஷ்டம்தான், ரெண்டு நாள் கையும் எடமும் புடிக்கிற சரக்கு அது, நான் ஒண்ணு 650 ரூபாய்க்கு குடுக்குறேன், அதுவும் குறைவுன்னு புள்ள சொல்லுது.

வயசுக்கு வர்றேன். எனக்கு இங்கிலீஷ் வீடியோ வேகம் புடிபடல, அத பாதி வேகத்துல ஓடவிட்டுப் பாக்கலாம்னு தெரிஞ்சதே பெரிய விஷயம். தராசுல வர்ற நம்பர் தெரியாம 20 கிராம் உப்பு 29 ஆன கூத்தும் உண்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடிய கழுத்துல தொங்கவிட்டுத்தான் இப்ப வேலை. மக வயசுப் புள்ளகிட்ட கத்துக்கிறதுக்கு மொதல்ல கூச்சமா இருந்துச்சு, பிறகு அதுக்கு நானும் பணிஸ் மடிக்கிறத சொல்லிக் குடுத்தேன், கூச்சம் போயிருச்சு. பரீட்சை பாக்கிறதெல்லாம் மத்தியானத்துல, யாவாரம் முடிஞ்ச பிறகு, ஒரு கிலோ மாவுக்கு மேல எடுக்க மாட்டேன், கெட்டாலும் கோழிக்குப் போகும். இன்னொண்ணு, புதுசுன்னா முழுக்கப் புதுசா எறங்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தையல்கடைய மூடிட்டு போன் ரிப்பேர் பழகப் போய் கண்ணும் போச்சு காசும் போச்சு. எனக்கு மா கைக்குத் தெரியும், தீ தெரியும், தெரியாதது புளிப்பு மட்டும்தான். அந்த ஒண்ணு போதும், அதுவே ரெண்டு வருஷமா என்ன விடல.

நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு, அலுத்துப்போன அந்த இறாத்தல் பாண்ல. புளிமாவப் பாத்துப் பாத்து சூடு, நேரம், தண்ணின்னு கவனிக்கப் பழகிட்டேனா, ஏன் இதுக்கு மட்டும் ஒரு மணிக்கு எந்திரிச்சு ஈஸ்ட்ட அள்ளிப் போட்டு அவசரப்படுத்தணும்னு தோணுச்சு. இப்ப ராத்திரி ஒன்பது மணிக்கே முந்தி போட்டதுல நாலுல ஒரு பங்கு ஈஸ்ட் போட்டு பிசைஞ்சு மூடிட்டுப் படுத்துர்றேன், குளிர்ல மெதுவா எழும்பும், மூணு மணிக்கு எந்திரிச்சா போதும். பாண் அடுத்த நாளும் மெத்துன்னு இருக்குன்னு ஆட்டோக்காரங்க சொல்றாங்க. டிசம்பர், சனவரில இது அருமையா போகுது, ஏப்ரல் வெயில்ல மா நேரத்தோட பொங்கி அமுங்கிரும், அப்ப இன்னும் ஈஸ்ட்ட குறைச்சு குளிர்ந்த தண்ணி ஊத்துறேன். வேலைக்கு இருக்கிற பொடியன் முந்தி போன நோண்டிக்கிட்டே நிப்பான், இப்ப "அண்ணே, இன்னைக்கு எத்தனை டிகிரி?"ன்னு அவனே அந்த ஹார்ட்வெயார் கடை சூட்டுத் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வர்றான்.

காப்பு போன சித்திரைக்கு முன்னாடி மீட்டாச்சு. இப்ப குரக்கன் (கேழ்வரகு) மா கலந்து போட்டுப் பாக்குறேன், அதுல பாண இழுத்துப் புடிக்கிற பசை இல்லாததால 20 சதவீதத்துக்கு மேல போனா எழும்ப மாட்டேங்குது, நடுவுல வெடிக்குது. குரக்கன மட்டும் தனியா எடுத்து கொதிதண்ணி ஊத்திக் கிண்டி ஆறவச்சிட்டு கலந்தா கொஞ்சம் கூடத் தாங்கும்னு புள்ள சொல்லுது. வர்ற போயா (பௌர்ணமி) லீவுல அத செஞ்சு பாக்கணும், கோழிங்களும் காத்துக்கிட்டிருக்கு.